ஸ்டாம்ப் ஆல்பம் வாங்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்...

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காபி டம்ளரோடு பால்கனியில் உட்கார்ந்திருந்தேன். ஆறாவது படிக்கும் மகள் வந்து நின்றாள்.

"அப்பா, ஸ்கூல்ல ஸ்டாம்ப் கிளப் ஆரம்பிச்சிருக்காங்க. எனக்கு வேர்ல்ட் ஆல்பம் வேணும்."

செல்போனை விட்டுவிட்டுப் பிள்ளை காகிதத்தைத் தொடுகிறதே என்று எனக்கு ஒரே சந்தோஷம். உடனே லேப்டாப்பைத் திறந்து தேட ஆரம்பித்தேன். அடுத்த மூன்று மணி நேரம் போனது தெரியவில்லை. மதியம் சாப்பாடு ஆறிப்போனதற்கு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

அந்த மூன்று மணி நேரத்திலும், அதற்குப் பிறகு வந்த மூன்று வாரத்திலும் ஒரு முடிவுக்கு வந்தேன். அச்சடித்த வேர்ல்ட் ஆல்பம் வாங்கப்போவதில்லை. உங்களையும் வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். குறிப்பாக ஊரை விட்டு வந்து பெங்களூரிலோ துபாயிலோ நியூஜெர்ஸியிலோ குடும்பம் நடத்தும் நம்மைப் போன்றவர்களை. ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வேர்ல்ட் ஆல்பம் என்றால் என்ன? உலகத்தின் முதல் தபால்தலையான பென்னி பிளாக் பிரிட்டனில் வந்தது 1840 மே மாதம். அதற்குள் 1862-லேயே பாரிஸில் ஜஸ்டின் லாலியே என்பவர் அச்சடித்த ஆல்பம் ஒன்றைக் கொண்டுவந்துவிட்டார். நாடு வாரியாகப் பக்கம், ஒவ்வொரு தபால்தலைக்கும் ஒரு கட்டம். இன்றைக்கும் அடிப்படை அதேதான். ஸ்காட், மின்கஸ், ஹாரிஸ் என்று அமெரிக்கப் பெயர்கள். ஸ்டான்லி கிப்பன்ஸ் இங்கிலாந்து. ஷவ்பெக் ஜெர்மனி. பெயர்தான் வேறு, விஷயம் ஒன்று. யாரோ ஒருவர் பட்டியல் போட்டுக் கட்டம் கட்டி வைத்திருப்பார், நாம் அதை நிரப்ப வேண்டும்.

சேகரிப்பவர்கள் 'பிக் புளூ' என்று செல்லமாகச் சொல்லும் ஸ்காட் இன்டர்நேஷனல் முதல் பாகத்தையே எடுத்துக்கொள்வோம். 1840-லிருந்து 1940 வரை, முதல் நூறு வருஷம் மட்டும். அதில் மட்டும் சுமார் 35,000 கட்டங்கள். அதற்குப் பிறகு வந்த வருஷங்களுக்குத் தனித்தனிப் பாகங்கள்.

பேங்க்காரன் புத்தி சும்மா இருக்குமா? கணக்குப் போட்டேன். தினம் ஒரு தபால்தலை, தீபாவளி பொங்கல் லீவுகூட இல்லாமல் ஒட்டினால், 35,000 கட்டம் நிரம்ப ஏறத்தாழ 96 வருஷம். மகளுக்கு இப்போது 11 வயது. 107 வயதில் 1940-ஐ வந்து சேர்வாள்!

நிஜமாகவே உலகம் முழுவதையும் சேர்த்துவிட முயன்றவர்களும் இருந்தார்கள். இங்கிலாந்தில் தாமஸ் டாப்ளிங் என்பவர் கிட்டத்தட்ட முழுமையான உலகத் தொகுப்பு வைத்திருந்தார். 1891-ல் இறந்தபோது அதை அரசு மியூசியத்துக்கு எழுதிவைத்தார், இப்போது பிரிட்டிஷ் லைப்ரரியில் இருக்கிறது. அவருக்கு அடுத்து ஃபெராரி என்ற கோடீஸ்வரர். உலகத்தில் ஒன்றே ஒன்று இருக்கும் பிரிட்டிஷ் கயானா ஒரு சென்ட் மெஜந்தா தபால்தலையே அவர் கையில்தான் இருந்தது. 1917-ல் அவர் இறந்தார். தொகுப்பை பெர்லின் தபால் மியூசியத்துக்கு எழுதிவைத்திருந்தார். ஆனால் முதல் உலகப் போர் நஷ்ட ஈட்டுக் கணக்கில் பிரெஞ்சு அரசு அதைப் பிடுங்கி, 1921-லிருந்து 1925 வரை ஏலம் போட்டுச் சிதறடித்துவிட்டது.

அவ்வளவு பெரிய பணக்காரருக்கே கட்டுப்படியாகாத வேலையை, மாதச் சம்பளக்காரர்களான நாம் பத்து வயதுக் குழந்தையின் கையில் கொடுக்கிறோம். விளைவு என்ன? முதல் வாரம் உற்சாகம். இரண்டாம் வாரம் ஒரு பக்கத்தில் நாற்பது கட்டம், நிரம்பியது இரண்டு. மூன்றாம் வாரம் ஆல்பம் பரணில்.

காலிக் கட்டம் என்பது ஒரு கடன் மாதிரி. நீ தர வேண்டியது இன்னும் பாக்கி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கும். நாள் முழுக்க பாக்கி லிஸ்ட் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருகிறவன் நான். பொழுதுபோக்கிலுமா பாக்கி லிஸ்ட்?

சரி, இதெல்லாம் யாருக்கும் பொருந்தும் காரணங்கள். நம் மாதிரி ஆட்களுக்கென்று இன்னொரு காரணம் இருக்கிறது.

அச்சடித்த ஆல்பம் தபால்தலையை வெளியிட்ட அரசாங்கத்தின் பெயரில் வைக்கும். அது போன பாதையின் பெயரில் வைக்காது. நம்முடைய கதை முழுக்கப் பாதைதானே?

உதாரணம் சொல்கிறேன். 1867 வரை சிங்கப்பூரிலும் பினாங்கிலும் ஓடியது இந்தியத் தபால்தலைகள்தான். அந்த வருஷம்தான் இந்தியத் தபால்தலை மேலேயே கிரீடமும் சென்ட் விலையும் அச்சடித்து ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸுக்குத் தனித் தபால்தலை ஆக்கினார்கள். அதற்கு முந்தைய ஒரு இந்தியத் தபால்தலையில் பி என்ற எழுத்தும் 172 என்ற எண்ணும் உள்ள முத்திரை விழுந்திருந்தால் அது சிங்கப்பூரில் குத்தியது. 147 என்றால் பினாங்கு. 109 என்றால் மலாக்கா. விஷயம் தெரிந்தவர்கள் அந்த முத்திரைக்காகவே அதைத் தேடுவார்கள். ஆனால் அச்சடித்த ஆல்பத்தில் அதற்கு என்ன இடம்? இந்தியா பக்கத்தில், மற்ற நாலணாக்களோடு ஒரு நாலணா. கடல் தாண்டிய கதை அங்கேயே முடிந்தது.

வளைகுடாவும் அப்படித்தான். 1923-லிருந்து இந்தியத் தபால்தலையில் 'குவைத்' என்று அச்சடித்து அங்கே விற்றார்கள். 1933-லிருந்து பஹ்ரைனுக்கும் அதே மாதிரி. எண்ணெய் கிடைத்து நம்மவர்கள் விமானம் ஏறுவதற்கு எவ்வளவோ முன்னாலேயே நம் ஊர்த் தபால்தலை அங்கே போய் வேலை பார்த்திருக்கிறது!

நாகர்கோவில்காரர்கள் வீட்டில் பழைய கடிதங்கள் இருந்தால் பாருங்கள். 1956 வரை கன்னியாகுமரி மாவட்டம் கேரளத்துப் பக்கம் இருந்த பகுதி. திருவிதாங்கூருக்குத் தனி அஞ்சல் இருந்தது. 1888-லிருந்து சங்கு போட்ட சொந்தத் தபால்தலை. 1951-ல் அந்த அஞ்சல் இந்தியத் தபாலோடு சேர்ந்துவிட்டது. ஆல்பத்தில் அது இந்தியாவுக்குப் பின்னால், சமஸ்தானங்கள் வரிசையில் எங்கோ கிடக்கும். ஒரு நாகர்கோவில் குடும்பத்துக்கு அதுதான் முதல் பக்கமாக இருக்க வேண்டும், இல்லையா?

நாங்கள் இருக்கும் ஊரைப் பற்றியும் ஒரு தகவல். மைசூர் சமஸ்தானத்துக்கும் 'அஞ்செ' என்ற பெயரில் சொந்தத் தபால் இருந்தது. 1889-ல் அது பிரிட்டிஷ் இந்தியத் தபாலோடு இணைந்தது. கன்னடத்தில் இன்றும் தபால் ஆபீஸ் என்றால் 'அஞ்செ கச்சேரி'தான். நம் 'அஞ்சல்' பக்கத்து வீட்டில் குடியிருக்கிற மாதிரி இருக்கும் அந்த வார்த்தையைக் கேட்டால். ஆனால் மைசூர் சொந்தமாகத் தபால்தலை வெளியிட்டதில்லை. அதனால் உலக ஆல்பத்தில் மைசூருக்குப் பக்கமே கிடையாது. தபால் இருந்தது, ஆள் ஓடினார், கடிதம் போனது. ஆனால் கட்டம் இல்லை என்பதால் அந்த நாடே இல்லை!

இப்போது நான் செய்த ஒரு பாவத்தைச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

எங்கள் ஊர் தேவகோட்டைப் பக்கம். எங்கள் ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, 1930-களில் ரங்கூனில் ஒரு செட்டியார் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். ஊரிலிருந்த அப்பத்தாவுக்கு மாதம் ஒரு கடிதம் எழுதுவாராம். அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பையனை வைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, கடிதத்தை உறைக்குள்ளேயே திரும்பப் போட்டு, டிரங்குப் பெட்டியில் அடுக்கி வைப்பாராம். ஐயா 1942-ல் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது உயிரைப் பிடித்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார். பெட்டி அப்படியே இருந்தது.

எனக்குப் பதினொரு வயதில் ஸ்டாம்ப் பைத்தியம் பிடித்தது. யாரோ ஒரு மாமா அச்சடித்த வேர்ல்ட் ஆல்பம் ஒன்று வாங்கிக் கொடுத்தார். அதில் 'பர்மா' என்று ஒரு பக்கம் இருந்தது. காலியாக.

கோடை லீவில் அப்பத்தாவின் பெட்டியைத் திறந்தேன். எழுபது எண்பது உறைகள் இருக்கும். பர்மா 1937 ஏப்ரலில் இந்தியாவிலிருந்து தனியாகப் பிரிந்தது. அப்போது இந்தியத் தபால்தலை மேலேயே 'பர்மா' என்று அச்சடித்து விற்றார்கள். அடுத்த வருஷம் சொந்த டிசைன். யானை தேக்குமரம் இழுக்கும் படம், வயல் உழும் படம் எல்லாம் வந்தது. அத்தனையும் அந்தப் பெட்டியில் இருந்தது.

என்ன செய்தேன் தெரியுமா? எல்லா உறையின் மூலையையும் கிழித்தேன். அண்டாவில் தண்ணீர் பிடித்து ஊறப்போட்டேன். தபால்தலைகளை உரித்து, காயவைத்து, ஆல்பத்தில் ஒட்டினேன். மூலை கிழிந்த உறைகளையும் கடிதங்களையும் என்ன செய்தேன் என்பது எனக்கு நினைவில்லை. அப்பாவைக் கேட்டால், "வெந்நீர் அடுப்புக்குப் போச்சு" என்கிறார்.

அப்பத்தா திட்டவில்லை. "புள்ளைக்கு ஆசையா இருக்கு, எடுத்துக்கட்டும்" என்று சொன்னதாக அம்மா சொல்வார். அப்பத்தா போய் இருபது வருஷம் ஆகிறது. அது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

அந்த ஆல்பம் என்னிடம் இருக்கிறது. பர்மா பக்கம் ஓரளவு நிரம்பியிருக்கிறது. ஆனால் அதில் எங்கள் ஐயா இல்லை. எந்தத் தெருவிலிருந்து எழுதினார், எந்தத் தேதியில் எழுதினார், என்ன எழுதினார், எதுவும் இல்லை. உலகத்தில் எந்தக் கடையிலும் அதே தபால்தலைகளைச் சில நூறு ரூபாய்க்கு வாங்கிவிடலாம். கட்டத்தை நிரப்புவதற்காக, வாங்க முடியாததைக் கொடுத்துவிட்டு வாங்க முடிந்ததை வைத்துக்கொண்டேன். வாழ்க்கையில் நான் செய்த மிக மோசமான பேரம் இதுதான்.

ஒரே ஒரு உறை தப்பியது. ஏன் தப்பியது தெரியுமா? அதில் தபால்தலை முன்பே உதிர்ந்து போயிருந்தது. உபயோகமில்லை என்று தூக்கிப் போட்டிருந்தேன். ரங்கூன் முத்திரையில் பாதி உறையில் இருக்கிறது. உள்ளே ஒரு கடிதம். முப்பது ரூபாய் கடை மூலமாக அனுப்பியிருப்பதாகவும், மழைக்கு முன் கூரையைப் பார்த்துவிடும்படியும், பிள்ளைக்குச் சட்டை எடுக்கும்படியும், பசு கன்று போட்டால் தெரிவிக்கும்படியும் எழுதியிருக்கிறார். அவ்வளவுதான்.

ஆகவே, என்னுடைய கட்சி இது. நாம் வாங்க வேண்டியது கட்டம் போடாத ஆல்பம். அதோடு, உறையை உறையாகவே வைக்கும் ஒரு ஃபைல்.

இதற்கு ஒரு நல்ல மறுப்பு உண்டு. என் மைத்துனரே சொன்னார். "நீங்க மட்டும் பிரிண்டட் ஆல்பத்துலதானே உலகமே கத்துக்கிட்டீங்க? மாகியர் போஸ்டா ஹங்கேரி, ஹெல்வெட்டியா ஸ்விட்சர்லாந்து, சுவோமி ஃபின்லாந்து, நிப்பான் ஜப்பான், எல்லாம் உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? வெள்ளைப் பேப்பரைக் கொடுத்தா குழந்தை என்னத்தைக் கத்துக்கும்?"

நியாயமான கேள்வி. மறுக்கமாட்டேன். பெயரே போடாத நாடு பிரிட்டன் என்று கண்டுபிடித்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அச்சடித்த ஆல்பம் ஒரு நல்ல வாத்தியார். ஆனால் அது சொல்வதுதான் உலகம் என்று நம்பவைக்கும் வாத்தியாரும்கூட.

என் பழைய ஆல்பத்தில் பெரிய பெரிய வண்ணப்படத் தபால்தலைகள் நிறைய இருந்தன. அஜ்மான், உம் அல் குவைன், மனாமா. விண்வெளிக்குப் போன ராக்கெட், ஐரோப்பிய ஓவியம், கார், பூனை. பத்து ரூபாய் பாக்கெட் வாங்கினால் பாதி இதுவாகத்தான் இருக்கும். எதற்கும் கட்டம் கிடையாது, ஏன் என்று அப்போது புரியவில்லை. 1964-லிருந்து 1972 வரை வளைகுடாவின் சின்னச் சின்ன ஷேக் நாடுகள், வெளிநாட்டு ஏஜெண்டுகளோடு ஒப்பந்தம் போட்டு, சேகரிப்பவர்களுக்காகவே அச்சடித்துத் தள்ளியவை அவை. கேட்டலாக்குகள் பலவற்றைச் சேர்க்கவே மறுத்துவிட்டன. அவர்கள் சேர்க்காதது சரியா தவறா என்பது வேறு விஷயம். கேட்டலாக் போட்டவரின் அபிப்பிராயம் கட்டமாக மாறி என் கைக்கு வந்தது, அதை நான் பூகோளம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதுதான் விஷயம்.

வெள்ளைப் பக்கத்தில் குழந்தை தானே எழுத வேண்டும். எந்த நாடு, இப்போது என்ன பெயர், யார் அனுப்பியது. சோவியத் யூனியன் எங்கே, யூகோஸ்லாவியா எங்கே, சிலோன் எப்போது ஸ்ரீலங்கா ஆனது (1972) என்று தேடித்தான் ஆக வேண்டும். ஹெல்வெட்டியா தெரிய வேண்டுமானால் ஒரு கேட்டலாக்கோ அட்லஸோ பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். பாடப்புத்தகம் வேறு, நோட்டு வேறு. நாம் பாடப்புத்தகத்தையே நோட்டாக ஆக்கிவிடுகிறோம்.

கட்டம் வேண்டும் என்று ரொம்ப ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு நடுவழி உண்டு. அமெரிக்காவில் வில்லியம் ஸ்டைனர் என்பவர் கம்ப்யூட்டரில் தயாரித்த, நாமே அச்சடித்துக்கொள்ளும் நாடு வாரிப் பக்கங்கள் சேகரிப்பவர்களிடையே பிரபலம். நமக்கு வேண்டிய நாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். மொத்த உலகத்தையும் ஒரே அட்டைக்குள் சுமக்க வேண்டியதில்லை.

சரி, கடைக்குப் போகும்போது என்ன பார்ப்பது? என் அனுபவத்திலிருந்து:

ஒன்று. முதல் வருஷத்துக்கு ஆல்பமே வேண்டாம். நல்ல ஸ்டாக்புக் ஒன்று போதும். அட்டைப் பக்கத்தில் படுக்கை வாட்டில் கண்ணாடித்தாள் பட்டைகள் இருக்குமே, அது. தபால்தலையைச் செருகலாம், எடுக்கலாம், இடம் மாற்றலாம். எதைச் சேர்க்கப் போகிறோம் என்று குழந்தைக்கே தெரியாத காலத்தில் ஒட்டுவது அவசரம். எங்கள் பாஷையில் சொன்னால் சஸ்பென்ஸ் அக்கவுண்ட். எந்தத் தலைப்பு என்று தெரியும்வரை அங்கே கிடக்கட்டும்.

இரண்டு. பிளாஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான். புது மழைக்கோட்டு வாசனை அடித்தால் அது பெரும்பாலும் பிவிசி. அதை வளைய வைக்கச் சேர்க்கும் ரசாயனம் மெல்ல வெளியே வந்து தபால்தலையை எண்ணெய்ப் பிசுக்காக்கும், நிறத்தை மாற்றும். பத்து வருஷம் முன்பு மலிவாகக் கிடைத்தது என்று ஒரு பாக்கெட் ஆல்பம் வாங்கி, ஒரு செட் முழுவதும் பாழானது எனக்கு. பாலியெஸ்டர், பாலிப்ரொப்பிலீன் என்று போட்டிருந்தால் பயமில்லை.

மூன்று. தாள். அமிலமில்லாத, தடிமனான ஏ4 தாள். நாலு வளையம் உள்ள பைண்டர். ஏ4 என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. கண்காட்சிச் சட்டங்களில் பொதுவாக இந்த அளவில் 16 பக்கம் வைப்பார்கள். கர்நாடகத்தில் நடக்கும் கர்னாபெக்ஸ் மாதிரிக் கண்காட்சியில் என்றாவது குழந்தை கலந்துகொள்ள ஆசைப்பட்டால், பக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டு போகலாம்.

நான்கு. ஒட்டும் முறை. முத்திரை விழுந்த தபால்தலைக்கு ஹிஞ்ச் போதும். பின்பக்கம் கோந்து இருக்கும் புதுத் தபால்தலைக்கு ஹிஞ்ச் ஒட்டினால் மதிப்பு குறையும், அதற்கு மவுண்ட் வேண்டும். செல்லோடேப், ஃபெவிகால் பக்கமே போக வேண்டாம்.

ஐந்து. ஆல்பத்தை நிற்க வையுங்கள், ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்கப் போடாதீர்கள். பெங்களூரில் ஜூன் தொடங்கி நவம்பர் வரை ஈரம்தான். சென்னைக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். படுக்கவைத்த பாரத்தில் கோந்து இளகிப் பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். பழுப்புப் புள்ளி விழும். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம். ஷூ டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தைப் பக்கத்தில் போட்டு வையுங்கள்.

ஆறு. வாசனைத் தபால்தலைகளைத் தனியாக வையுங்கள். 2006-ல் சந்தனம், 2007-ல் ரோஜா, 2008-ல் மல்லிகை, 2017-ல் இங்கே பெங்களூரில் வெளியிட்ட 100 ரூபாய் காபி. எல்லாம் ஒரே பக்கத்தில் இருந்தால் கல்யாண வீட்டு வரவேற்பு மேஜை மாதிரி ஆகிவிடும். கடைசியில் எதிலும் எந்த வாசனையும் தெரியாது.

ஏழு. இதுதான் முக்கியம். உறையோடு வந்ததை ஊறப்போடாதீர்கள். சந்தேகமாக இருந்தால் ஊறப்போடாதீர்கள். தெளிவாகத் தெரிந்தாலும் ஒரு நாள் பொறுத்து ஊறப்போடுங்கள். அமெரிக்காவிலிருந்து வரும் ஸ்டிக்கர் தபால்தலைகள் பலவும் எப்படியும் தண்ணீரில் உரியாது. சுற்றிலும் கொஞ்சம் தாள் விட்டு வெட்டுவதுதான் வழி. வெட்டுவதற்கு முன் யார் எழுதியது என்று பாருங்கள். சொந்தக்காரர் எழுதியதென்றால் கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. "இது நல்ல இன்வெஸ்ட்மெண்டா சார்?" என்று கேட்கிறவர்கள் உண்டு. பேங்க்காரன் என்பதால் என்னிடம் கூடுதலாகவே கேட்கிறார்கள். இல்லை. ஸ்பெயினில் அஃபின்ஸா, ஃபோரம் ஃபிலாடெலிகோ என்று இரண்டு கம்பெனிகள் தபால்தலையில் முதலீடு, நிச்சய வருமானம் என்று சொல்லிப் பணம் திரட்டின. 2006 மே மாதம் போலீஸ் உள்ளே புகுந்தபோது பணம் போட்டிருந்தவர்கள் நான்கு லட்சத்துக்கும் மேல். பெரும்பாலும் சின்னச் சேமிப்புக்காரர்கள். 2014-ல் சுமார் 95 லட்சம் டாலருக்குப் போன பிரிட்டிஷ் கயானா மெஜந்தாவே 2021-ல் சுமார் 83 லட்சத்துக்குத்தான் போனது. ஃபெராரியின் ஆல்பத்தில் இருந்ததற்கே அந்த கதி. நம் ஆல்பத்தைப் பற்றி என்ன சொல்ல? குழந்தையின் கல்லூரிச் செலவுக்கு ஆர்.டி. போடுங்கள். ஸ்டாம்ப் சந்தோஷத்துக்கு.

சந்தோஷத்துக்குச் செலவு குறைவுதான். ராஜ்பவன் ரோட்டிலிருக்கும் ஜி.பி.ஓ.வில் ஃபிலாடெலிக் பியூரோ இருக்கிறது. 200 ரூபாய் கட்டி டெபாசிட் அக்கவுண்ட் தொடங்கினால் புதுத் தபால்தலை வரும்போது வீட்டுக்கு அனுப்பிவைப்பார்கள். ஆறாவதிலிருந்து ஒன்பதாவது வரை படிக்கும் பிள்ளைகளுக்கு 2017-ல் தபால் துறை தொடங்கிய ஸ்பர்ஷ் என்ற ஸ்காலர்ஷிப் உண்டு, வருஷத்துக்கு 6,000 ரூபாய். வினாடி வினாவும் ஒரு புராஜெக்டும் வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். புராஜெக்ட் என்றால் கட்டம் நிரப்புவது இல்லை. ஒரு விஷயத்தைத் தபால்தலை வைத்துச் சொல்வது. வெள்ளைப் பக்கம் அங்கேயும் உதவும்.

நம் வீடுகளில் கடிதம் வருவது நின்றுபோய்ப் பல வருஷம் ஆகிறது. பேங்க் ஸ்டேட்மெண்டுகூட ஈமெயில்தான் (அதற்கு நானும் ஒரு காரணம்). 2025-லிருந்து ரிஜிஸ்தர் தபாலே தனியாக இல்லை, ஸ்பீட் போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள். அதனால் இனிமேல் நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கப்போவது கடையில் விற்கும் புதுத் தபால்தலையும், ஊரில் பெட்டியில் கிடக்கும் பழைய கடிதமும்தான். முதலாவது எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும். இரண்டாவது, ஊர் வீட்டை இடித்துக் கட்டும் அன்று பழைய பேப்பர்காரரிடம் கிலோ கணக்கில் போய்விடும்.

ஆகவே ஆல்பம் வாங்கும் முன் ஊருக்கு ஒரு போன் போடுங்கள். ரங்கூன், பினாங்கு, கண்டி, குவைத், எங்கிருந்தாவது வந்த கடிதம் ஏதாவது இருக்கிறதா என்று அம்மாவிடமோ பெரியப்பாவிடமோ கேளுங்கள். "அதெல்லாம் குப்பைப்பா" என்றுதான் முதலில் சொல்வார்கள். தூக்கிப் போட வேண்டாம், அடுத்த லீவுக்கு வந்து நானே எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள்.

மகளுக்கு ஒரு ஸ்டாக்புக், ஒரு நாலு வளைய பைண்டர், நூறு ஏ4 தாள், ஒரு ட்வீசர் வாங்கிக் கொடுத்தேன். கொஞ்சம் ஏமாற்றம்தான் அவளுக்கு. கிளப்பில் இன்னொரு பெண் கொண்டுவந்த ஆல்பத்தில் உலக மேப்பே இருக்கிறதாம்.

ராத்திரி அந்த ஒற்றை உறையை எடுத்துக் கொடுத்து, ஐயா கதையைச் சொன்னேன். அண்டாக் கதையையும் மறைக்கவில்லை. கொஞ்ச நேரம் உறையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுல ஸ்டாம்ப்பே இல்லையேப்பா?"

"இல்லை."

"ரங்கூன் எந்த நாடுன்னு எழுதறது?"

நல்ல கேள்வி. 1937 வரை பிரிட்டிஷ் இந்தியா. அப்புறம் பர்மா. இப்போது மியான்மர், ஊர் பெயர் யாங்கோன். மூன்றையும் சொன்னேன். மூன்றையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டாள். அச்சடித்த ஆல்பமாக இருந்தால் அதற்கு இடம் இருந்திருக்காது.

இப்போது அவள் ஆல்பத்தின் முதல் பக்கம் அதுதான். தபால்தலை இல்லாத ஒரு உறை, பாலியெஸ்டர் பைக்குள். கீழே கோணல்மாணலான தமிழில், 'கொள்ளுத்தாத்தா எழுதியது. பசு கன்று போட்டதா என்று கேட்கிறார்.'

கன்று போட்டதா என்று எனக்கும் தெரியாது. அப்பாவிடம் கேட்க வேண்டும்.